அயல் வீட்டு நாய்

வாயிலிற் கட்டிய நாய் இரவெல்லாம் குரைத்தால் வளர்ப்பவர் உறங்கிவிடுவர், விழித்திருப்போர் அயலாரே. பழகிய செவிக்கு அது கேட்பதில்லை போலும்! உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ நோயுற்ற முதியவரோ உள்ள வீடாயின் அவர்கள் படும் பாட்டை நாம் விரிக்க வேண்டியதில்லை.

இதற்குச் சட்டமில்லையா என வாசகர் வினவலாம். நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலேயே இலங்கையில் இயற்றப்பட்டது. அதன் கருத்தெல்லாம் பதிவிலும் கட்டாக்காலி நாய்களிலுமே. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதியளிக்கலாகாதென 2007இல் உயர் நீதிமன்றம் பணித்தது. நாயோ அனுமதிப்பத்திரம் கேட்டுக் குரைப்பதில்லை.

ஆகவே பலர் நேரே பொலிசுக்கு ஓடுகின்றனர். அன்றோடு இரு வீட்டார்க்கும் பேச்சு அறுந்துவிடுகிறது. குரைப்பு மட்டும் நிற்பதில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இத்தகைய பிணக்குகளுக்கு ஏற்றவை. அங்கே தீர்ப்பில்லை, இருவரையும் இருத்திப் பேசவைத்து உடன்பாடு காண முயல்வர். குரைத்த நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்துச் சென்றால் பேச்சு வீண்வாதமாகாது.

அதற்கும் முன், பகல் வேளையில், கோபம் தணிந்தபின் அயலாரிடம் ஒருமுறை செல்லலாம். நாள் முழுதும் குறுஞ்சங்கிலியிற் கிடந்து, தெருவிற் போவோர் அனைவரையும் காணும் நாய் குரையாது என் செய்யும்? மாலையில் அரைமணி நேர நடை, இரவில் தெருவைக் காணாத பின்வளவில் ஓரிடம்: இவ்விரண்டையும் கேட்டுப் பெற்றால் மத்தியஸ்தருக்குப் பெரும்பாலும் வேலையிராது.