கைலி நெய்தவர் வீடு எங்கே?

ஆம்பூர் அக்கிரகாரத்து வீடு ஒன்றை முட்டுக்காட்டில், தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பார்த்தோம். ஆம்பூர் என்றதும் பிரியாணியை நினைக்க வேண்டாம். இது ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்து ஆம்பூர், பழைய நெல்லை மாவட்டம். எங்கள் ஊர் மேலப்பாளையத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் நின்ற வீட்டைப் பார்க்க, ராத்திரி ரயிலேறி சென்னைக்குப் போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு பயணம். தூணைத் தடவிப் பார்த்த உம்மா கேட்டாள்: "இத இங்க தூக்கிட்டு வந்துட்டாங்களே, அங்க இப்ப என்ன இருக்கு?"

தட்சிணசித்ராவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இடித்து மரக்கடைக்குப் போகவிருந்த வீடுகளை உத்திரம் உத்திரமாகப் பிரித்துக் கொண்டுவந்து, தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்துத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். டெபோரா தியாகராஜன் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளையின் வேலை அது. லாரி பேக்கர் மனை வகுத்துக் கொடுக்க, பத்து ஏக்கரில் 1996 டிசம்பரில் திறந்தார்கள். ஊர் மாறும் வேகத்தில் குடிசைகளும் பண்ணை வீடுகளும் அழிவதைப் பார்த்து, ஸ்டாக்ஹோமில் ஹாசேலியஸ் என்பவர் 1891லேயே ஸ்கான்சென் என்று இப்படியொரு திறந்தவெளி அருங்காட்சியகம் அமைத்தார். நமக்கு அந்தப் புத்தி வர நூறு வருஷம் ஆனது. வந்ததே பெரிது.

பிள்ளைகளுக்குச் செட்டிநாட்டு வீட்டு முற்றத்தை விட்டு வர மனசில்லை. கேரளப் பகுதியில் புதுப்பள்ளி கிறிஸ்தவர் வீடு, கர்நாடகப் பகுதியில் சிக்மகளூர் முஸ்லிம் வீடு. நம்ம ஆட்கள் வீடு என்று தெரிந்ததும் உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, விருந்துக்கு வந்தவளைப் போல உள்ளே போனாள். ஆனால் அவள் நெடுநேரம் நின்றது தறி இருந்த வீட்டில்தான்.

என் வாப்பா தறிகாரர். கைலி நெய்தார். வீட்டின் முன்னறையில் தறிக்குழி. அதில் காலை இறக்கி உட்கார்ந்தால் லுஹர் தொழுகைக்குத்தான் எழுவார். உம்மா தார் சுற்றுவாள், தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது கூட நிற்பாள், மற்ற நேரமெல்லாம் பீடித்தட்டு மடியில். முட்டுக்காட்டில் தறியில் இருந்த இளைஞரிடம் அவள் கேட்ட கேள்வி அங்கு வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"தார் யாரு வாப்பா சுத்தித் தாரா?"

"வீட்ல அம்மா சுத்திக் குடுப்பாங்க, பாட்டி."

"கூலி?"

அவர் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை.

நெசவாளர் வீடுகள் அங்கே மூன்று உண்டு. காஞ்சிபுரத்துப் பட்டு, இல்கல் சேலை, நல்கொண்டா இக்கத். மூன்றும் அழகு. கைலி நெய்தவர் வீட்டை நான் பார்க்கவில்லை. கைலி கல்யாணத்துக்குக் கட்டுவது இல்லையே. சாதாரணமாக உடுத்திக் கிழித்த துணி மரபுக் கணக்கில் சேராது போலிருக்கிறது. சட்டம்கூட இதைவிட மரியாதை காட்டியிருக்கிறது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் வருஷச் சட்டத்தின் பட்டியலில் லுங்கியும் உண்டு. இருந்தும் விசைத்தறிக் கைலி எங்கள் கடைத்தெருவில் மலைபோலக் குவிந்தது, பையன்கள் வளைகுடாவுக்குப் போனார்கள், எங்கள் வீட்டுத் தறிக்குழியை மண் போட்டு மூடி மேலே டைல்ஸ் ஒட்டியாயிற்று. தறிச்சட்டம் விறகானது.

சென்னைக்காரர்கள் கைலிக்கு வீடு கட்டவில்லையே என்று அழுவதில் அர்த்தமில்லை. அது நம் வேலை. நமக்கு இப்போது இடமும் இருக்கிறது. ரெட்டியார்பட்டியில் 13 ஏக்கரில் பொருநை அருங்காட்சியகம் எழும்பியிருக்கிறது, மேலப்பாளையத்துக்கு அடுத்த வீடு மாதிரி. ஆதிச்சநல்லூரும் கொற்கையும் சிவகளையும் அதன் பெருமை. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு வயது 3,200 ஆண்டு என்று 2021ல் ஆய்வு முடிவு வந்தபோது இந்தப் பொருநை ஆற்றுத் தண்ணீர் குடித்த எல்லாருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. எனக்கும்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கொற்கையில் தோண்டியபோது அறுத்த சங்குத் துண்டுகள் வந்தன. யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்து நாள் முழுக்கச் சங்கு அறுத்திருக்கிறார். அவர் பேர் தெரியாது, கூலி தெரியாது. கழித்துப் போட்ட துண்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடாத குறை. பாளையங்கால்வாய்க்குப் பக்கத்துத் தெருவில் ஒருத்தி குனிந்து உட்கார்ந்து அளவுத்தகடு வைத்து இலை வெட்டுகிறாள், தூள் வைத்துச் சுருட்டுகிறாள், முனை மடக்கி நூல் கட்டுகிறாள். பீடிக்கடையில் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, கழிவு போக. அவள் தட்டு நாளைக்கு ஆக்கர்க் கடைக்குப் போகும். ரெண்டாயிரம் வருஷம் கழித்து யாராவது தோண்டி எடுக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

பீடியைப் புகழச் சொல்லவில்லை. இழுத்தவர் நெஞ்சையும், இருமி இருமிச் சுற்றியவள் நெஞ்சையும் அது என்ன செய்தது என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். அதையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும். இந்தத் தொழிலாளருக்கென்று 1966லேயே தனிச் சட்டம் வந்தும், கழிவு என்று ஒதுக்கிய பீடிக்கு அவள் யாரிடம் நியாயம் கேட்டாள் என்பது பதிவாக வேண்டாமா?

பெரிய கட்டடம் ஒன்றும் தேவையில்லை. எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு ஒன்று போதும். அதை இருக்கிற இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். லாரியில் ஏற்றி எங்கும் கொண்டுபோக வேண்டாம். முன்னறையில் ஒரு குழித்தறி. அதில் நெய்ய மாதச் சம்பளத்துக்கு ஒரு தறிகாரர், அவருக்குத் தார் சுற்ற ஒரு பெண், அவளுக்கும் சம்பளம். சுவரில் கைலி ஒன்றுக்கு எந்த வருஷம் என்ன கூலி, ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, அன்றைக்கு அரிசி என்ன விலை என்று ஒரு பலகை. மிஞ்சியிருக்கிற கிழவர் கிழவிகளின் பேச்சைப் பதிவு செய்ய ஓர் ஆள். மாநகராட்சி நினைத்தால் முடியும். ஜமாஅத்தும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் கைகொடுப்பார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். முட்டுக்காட்டில் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இங்கே அந்த வழக்கம் ஆகாது. செவ்வாய் எங்களுக்குச் சந்தை நாள். ஆடு மாடு வாங்க விற்கச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் வருவார்கள். அன்றைக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், டிக்கெட் இல்லாமல்.