கையால் இடுவதா, கருவியிடம் விடுவதா?

மாணவரிடையே இக்காலத்தில் ஒரு புதிய வாதம் எழுந்துள்ளது. கணினி விளையாட்டுக்களில் "மொட்" எனப்படும் மாற்றுப் பொதிகளைச் சேர்க்கும்போது, அதற்கென அமைந்த தானியங்கி நிறுவியைக்கொண்டு சேர்ப்பது நன்றா, கோப்புக்களைத் தாமே பிரித்து உரிய இடத்திற் கையால் இடுவது நன்றா என்பதே அவ்வாதம். பரீட்சைப் பாடங்கள் எதற்கும் கிடைக்காத உற்சாகம் இவ்வாதத்துக்குக் கிடைப்பதை நாம் கண்டிருக்கின்றோம். பெற்றாரிற் பலர், "விளையாட்டுப் பிள்ளைகளின் வீண்பேச்சு" என்று இதனை ஒதுக்கிவிடுவர். நமது அபிப்பிராயம் அதுவன்று. பிள்ளை விளையாடும் கைத்தொலைபேசியிலேதான் தாயின் வங்கிக் கணக்கும், வெளிநாட்டிலிருக்கும் தந்தையின் கடிதமும், பாடசாலைக் குறிப்புக்களும் இருக்கின்றன. ஆதலின் அதற்குள் எதனை, எவ்வாறு புகவிடுகின்றோம் என்பது குடும்பம் முழுவதையும் சார்ந்த விஷயம்.

மொட் என்பது யாது? ஒரு விளையாட்டை ஆக்கியோர் அல்லாத பிறர், அதிலுள்ள படத்தையோ, ஒலியையோ, விதியையோ மாற்றுவதற்குச் செய்து தரும் கோப்புக்களின் தொகுதியே அது. நமது பிள்ளைகளுக்கு மிகவும் பழக்கமான உதாரணம் ஒன்று சொல்வோம். இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. அதில் பிறர் ஆக்கிய வாகனங்களையும் சேர்த்து ஓட்டலாம். எனவே யாவாத் தீவின் வீதிகளில் நமது இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்புப் பேருந்து ஓடுகின்றது! பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை வழியாகக் குறிகட்டுவானுக்குச் செல்லும் பேருந்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் சிறுவனுக்கு, அத்தகைய வாகனமொன்றைத் தன் கையாற் செலுத்துவதில் எத்துணை மகிழ்ச்சி இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இக்கலைக்கு ஒரு சிறு சரித்திரமும் உண்டு. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த "டூம்" என்னும் விளையாட்டு, இயக்கும் நிரலை ஒரு பக்கத்திலும் படம், ஒலி, களம் முதலியவற்றை வேறொரு கோப்பிலும் பிரித்து வைத்தது. மூலத்தைச் சிதைக்காமலே புதிய களங்களைச் சேர்க்க அதனால் முடிந்தது. 1998இல் வெளிவந்த "ஹாஃப் லைஃப்" என்னும் விளையாட்டுக்கு மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இரு இளைஞர் 1999இல் ஒரு மொட் ஆக்கினர். மின் லீ அக்காலத்திற் கனடாவில் ஒரு பல்கலைக்கழக மாணவர். அதுவே "கவுண்டர் ஸ்ட்ரைக்". அடுத்த ஆண்டில் மூல விளையாட்டை ஆக்கிய வால்வ் நிறுவனமே அதனை வாங்கித் தன் பெயரால் வெளியிட்டது. விளையாட்டைத் திறந்து பார்த்தவர் விளையாட்டை ஆக்குபவராயினர். இதனைப் பெற்றார் நினைவில் வைத்திருத்தல் நலம்.

இனி வாதத்துக்கு வருவோம். முதலிற் கைமுறை. "கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ: சான் அன்ட்ரியாஸ்" என்பது 2005இற் கணினிக்கு வந்த விளையாட்டு. அதிலுள்ள ஒரு வாகனத்தை மாற்ற விரும்புவோன், பல்லாயிரம் உருக்கள் அடங்கிய ஒரு பெருங்கோப்பைத் தனிக்கருவியொன்றாற் திறந்து, வாகனத்தின் வடிவைச் சொல்லும் கோப்பையும் அதன்மேற் பூசும் நிறத்தைச் சொல்லும் கோப்பையும் பழையவற்றின் இடத்திற் பெய்யவேண்டும். "மைன்கிராஃப்ட்" விளையாட்டின் தொடக்க காலத்திலோ, அதன் சுருக்கப் பொதியைத் திறந்து, மொட்டின் கோப்புக்களை உள்ளே இழுத்துவிட்டு, "மெட்டா-இன்ஃப்" என்னும் கோப்புறையை அழிக்கவும் வேண்டும். அதனை அழிக்க மறந்தாற் விளையாட்டுத் திறவாது. ஏனெனில் மூலப்பொதி மாற்றப்படவில்லை என்பதற்கான அடையாளக் குறிப்புக்கள் அக்கோப்புறையில் இருந்தன.

பெரியவர்களுக்கு இது புதுமையன்று. நமது அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்தியோர் அக்காலத்தை மறந்திரார். எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து "ஃபொன்ற்ஸ்" என்னும் கோப்புறையில் இட்டாலன்றித் தமிழ்க் கடிதம் ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகவே திரையில் தோன்றும். பின்னர் எ-கலப்பை போன்ற மென்பொருள்கள் வந்தன. ஓரிரு அழுத்தல்களிற் தமிழ் விசைப்பலகை அமைந்தது. இன்று கைத்தொலைபேசி தமிழுடனேயே பிறக்கின்றது. கையால் இட்ட காலத்தின் அல்லலை எவரும் மீண்டும் விரும்பார். ஆயினும் அந்த அல்லலைப் பட்டவர்களுக்கே, எழுத்து வேறு எழுத்துரு வேறு என்னும் உண்மை தெளிவாக விளங்கிற்று.

அடுத்துத் தானியங்கி முறை. வால்வ் நிறுவனம் 2011இற் தனது ஸ்டீம் தளத்தில் "வேர்க்‌ஷொப்" என்னும் பகுதியைத் தொடங்கியது. அதிற் பிடித்த மொட்டுக்கு ஒப்பம் கொடுத்தாற் போதும். இறக்குவதும் நிறுவுவதும் புதுப்பிப்பதும் தாமே நிகழும். 2001இல் இங்கிலாந்தில் ரொபின் ஸ்கொட் தொடங்கிய தளமே இன்று "நெக்ஸஸ் மொட்ஸ்" எனப் பெயர்பெற்றது. அதற்கு "வோர்ட்டெக்ஸ்" என்னும் நிறுவி உண்டு. "மொட் ஓர்கனைசர்" என்பது வேறொன்று. இவ்விரண்டின் நுட்பத்தையும் மாணவர் கவனித்தல் வேண்டும். கையால் இடுவோன் பழைய கோப்பின்மேற் புதியதைப் பெய்து பழையதை அழித்துவிடுகின்றான். இக்கருவிகளோ ஒவ்வொரு மொட்டையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்திருக்கும். வோர்ட்டெக்ஸ் அங்கிருந்து விளையாட்டின் இடத்துக்கு இணைப்புக்களை மட்டும் அமைக்கும். மொட் ஓர்கனைசர், எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதுபோன்ற தோற்றத்தை விளையாட்டு ஓடும்போது மட்டும் உண்டாக்கும். வேண்டாமெனில் ஒரு குறியை எடுத்துவிட்டாற் போதும். மூல விளையாட்டு வடுவின்றி நிற்கும். கையாற் செய்யும் எவரும் இத்துணைத் தூய்மையாக மீட்டெடுத்தல் அரிது. இவ்விடயத்திற் தானியங்கிக் கட்சியின் வாதமே வலுவுடையது.

ஆயின் கருவி செய்யமாட்டாத காரியமும் உண்டு. இரண்டு மொட்டுக்கள் ஒரே கிராமத்தை வெவ்வேறு விதமாக மாற்றினால் எது நிலைக்கவேண்டும்? பின்னர் ஏற்றப்படுவதே நிலைக்கும் என்பது பொதுவிதி. எதனைப் பின்னர் ஏற்றுவது என்பதற்குக் கருவி ஒரு வரிசையை ஆலோசனையாகச் சொல்லும். விளையாடுவோனின் விருப்பத்தை அது எங்ஙனம் அறியும்? அஃதன்றி 2011இல் வெளிவந்த "ஸ்கைரிம்" விளையாட்டு, ஒவ்வொரு செருகு கோப்பையும் பதினாறின் அடியிலான இரண்டு இலக்கங்களாற் குறிக்கின்றது. அவ்விரண்டு இலக்கங்களால் எழுதத்தக்க எண்கள் 256. அவற்றுள் ஒன்று விளையாட்டுக்கே ஒதுக்கப்பட்டமையால் முழுச் செருகு கோப்புக்களின் எல்லை 255. ஒரே அழுத்தலில் நிறுவும் வசதி கிடைத்த மாணவன் எல்லையை நினையாமல் ஏற்றிக்கொண்டே போகின்றான். பின்னர் விளையாட்டுத் திறவாதபோது, இருநூறு மொட்டுக்களுள் எது குற்றவாளி என்று அவனால் அறிய முடிவதில்லை. கையாற் பத்து இட்டவன், பதினோராவதை இட்டபோதே பழுதைக் கண்டுகொள்வான்.

இதனைத் தீவகத்து மக்களுக்கு விளக்க வேறெங்கும் போகவேண்டியதில்லை. வேலணைத் தீவிலே சாட்டிக் கடற்கரைக்கு அணித்தாகவுள்ள கிணறுகளின் நன்னீர், தண்ணீர் அரிதான அயலூர்களுக்கும் எடுத்துச் செல்லப்படுவதை அனைவரும் அறிவர். கடல் சூழ்ந்த மண்ணில் நன்னீர் எங்ஙனம் நிற்கின்றது? மழைநீர் மண்ணுள் இறங்கி, தன்னினும் பாரமான உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அவ்வாறே நின்றுவிடுமாயின், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழும்.

முன்னாளில் நமது கமக்காரர் துலாவால் இறைத்தனர். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், வாய்க்காலிற் தண்ணீர் மாற ஒருவர் என உடல் நோகச் செய்த வேலை அது. மனிதர் களைத்தபோது இறைப்பும் நின்றது. கிணறு ஊறுவதற்கு அவகாசம் கிடைத்தது. நீரிறைக்கும் யந்திரம் வந்தபோது அந்தத் தடை நீங்கிற்று. யந்திரம் களைப்பதில்லை, கிணற்றின் அளவையும் அது அறியாது. அளவை அறியவேண்டியவர் யந்திரத்தின் விசையைத் தட்டுபவரே. அதற்காக யந்திரத்தைக் கடலில் எறிந்துவிட்டுத் துலாவுக்குத் திரும்பும்படி எவரும் சொல்லார். முதுகு ஒடிந்த வரலாற்றை நாம் மறத்தலும் ஆகாது. கிணற்றை அறிந்தவன் கையில் யந்திரம் இருக்கவேண்டும் என்பதே நமது கருத்து. மொட் நிறுவிக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

தானே புதுப்பிக்கும் வசதியிலும் இரண்டு பக்கங்கள் உள. 2021 நவம்பர் 11இல் ஸ்கைரிம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது, அதன் உள்ளியக்கத்தை நம்பியிருந்த மொட்டுக்கள் பல ஒரே நாளிற் செயலிழந்தன. 2023 ஜூன் மாதத்தில் இதனினும் பாரதூரமான சம்பவம் நேர்ந்தது. மைன்கிராஃப்ட் மொட்டுக்கள் பலவற்றினுள்ளே "ஃபிராக்சரைசர்" எனப் பெயரிடப்பட்ட தீநிரல் புகுத்தப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. கடவுச்சொற்களைத் திருடும் அந்த நிரல், பெயர்பெற்ற "கேர்ஸ்ஃபோர்ஜ்" தளத்தின் வழியாகவே பரவிற்று. நம்பிக்கையான தளம், நம்பிக்கையான நிறுவி என்று கண்ணை மூடியிருந்தோருக்கு அஃது ஒரு பாடம். ஆயின் கையால் நிறுவியோருக்கும் அத்தீமை வந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. கோப்பை எங்கே வைப்பது என்று அறிந்தவன், அதனுள் என்ன இருக்கின்றது என்று அறிந்தவனாகிவிடான். எனவே கைமுறைக் கட்சியார் தங்கள் முறையே பாதுகாப்பானது என்று மார்தட்டுவதற்கும் இடமில்லை.

கைத்தொலைபேசியில் விளையாடுவோருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பேருந்து மொட் வேண்டுமெனத் தேடும்போது, "இந்தச் செயலியை நிறுவினால் எல்லாப் பேருந்துகளும் தாமே வந்துவிடும்" என்று ஆசை காட்டும் பக்கங்கள் எதிர்ப்படும். அச்செயலி தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் படிக்க அனுமதி கேட்குமாயின், அங்கேயே நிறுத்திக்கொள்ளவேண்டும். ஒரு பேருந்தின் படத்தை வைப்பதற்கு அம்மாவின் குறுஞ்செய்தி எதற்கு? வங்கி அனுப்பும் இரகசிய எண் குறுஞ்செய்தியிலேதான் வருகின்றது.

முடிபாக, மாணவருக்கு நாம் சொல்லக்கூடிய புத்தி இது. முதன்முதற் சேர்க்கும் ஓரிரு மொட்டுக்களைக் கையாலேயே இடுங்கள். "யூரோ ட்ரக்" போன்ற விளையாட்டுக்களில் ஒரே கோப்பை ஒரே கோப்புறையில் இடுவதே வேலை, அதிலிருந்து தொடங்கலாம். மூலக் கோப்பின் பிரதியொன்றை வேறிடத்தில் வைத்த பின்னரே எதனையும் மாற்றுங்கள். ஆக்கியோன் எழுதி வைத்த குறிப்பை முழுவதும் படியுங்கள். செய்ததைத் திகதியிட்டுக் கொப்பியில் எழுதுங்கள். கோப்பு, கோப்புறை, நீட்டிப்பு, பாதை, சுருக்கப்பொதி, காப்புப் பிரதி என்று சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்தில் மனனஞ் செய்யும் சொற்கள் யாவும் அப்போது பொருளுடையனவாகும். மொட்டுக்கள் பத்துக்குமேற் போகும்போது நல்ல நிறுவியொன்றைத் தயங்காது கைக்கொள்ளுங்கள். திரும்ப எடுக்கும் வழியைத் தெளிவாகக் காட்டாத நிறுவி எத்துணை விரைவானதாயினும் வேண்டா. ஒரே நாளில் நூறு சேர்க்காது, ஒவ்வொன்றாகச் சேர்த்து விளையாட்டைத் திறந்து பாருங்கள்.

பெற்றாருக்கும் ஒரு சொல். கணினி தெரியாது என்பதற்காகப் பிள்ளையிடம் ஒன்றும் கேளாதிருத்தல் வேண்டா. அடுத்த முறை மகனோ மகளோ புதிய மொட் ஒன்றைச் சேர்க்கும்போது அருகிலிருந்து மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இது யாரிடமிருந்து வந்தது? எங்கே போய் இருக்கப்போகின்றது? வேண்டாமென்றால் எப்படி எடுப்பாய்? பிள்ளை தடுமாறாது பதில் சொல்லுமாயின், கையால் இட்டாலும் கருவியால் இட்டாலும் கவலையில்லை. பதில் தெரியாதாயின், அன்றைய விளையாட்டைச் சற்றுப் பிந்தித் தொடங்கட்டும். பதிலைத் தேடிக் கண்டுபிடித்துவந்து உங்களுக்கே சொல்லித்தரட்டும்.