மாடியில் பிறந்தால் ஆட்டிசம், குடிசையில் பிறந்தால் கிறுக்கா?

அண்ணா நகர் மாடி வீட்டில் ஒரு குழந்தைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், நிபுணரைப் பார்க்கிறார்கள், சோதனை நடக்கிறது, ஆட்டிசம் என்று எழுதித் தருகிறார்கள், பயிற்சி தரும் ஆசிரியை வீடு தேடி வருகிறார். அதே குழந்தை பட்டரவாக்கத்து ஒண்டுக் குடித்தனத்தில் பிறந்துவிட்டால்? “பிடிவாதம் பிடித்தது” என்கிறாள் பாட்டி. “இவன் அப்பனுக்கும் ஐந்து வயதில்தான் வாய் வந்தது” என்கிறார் மாமன். “வளர்ப்புச் சரியில்லை” என்கிறது தெரு. கொஞ்சம் வளர்ந்ததும் “கிறுக்கு” என்று ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். குழந்தை ஒன்றுதான், குறையும் ஒன்றுதான். பெயர் மட்டும் வீட்டு வாடகைக்குத் தக்கபடி மாறுகிறது!

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே அமைந்துவிடும் வேறுபாடு. காய்ச்சல் போல வந்து போவதன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. தாய் வேலைக்குப் போனதால் வருவதுமன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டின்படி 127 பேரில் ஒருவர் இத்தகையவர். அந்தக் கணக்கில் பார்த்தால் ஆயிரம் பேர் வாழும் இடத்தில் ஏழெட்டுப் பேர் இருக்க வேண்டும். கொரட்டூரிலும் திருமுல்லைவாயலிலும் ஆவடியிலும் உங்கள் தெருவில் அந்த ஏழெட்டுப் பேர் எங்கே, தோழர்களே?

பணக்கார வீட்டு நோய் என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் மட்டும் முளைத்ததன்று. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆண் எட்டு, பெண் மூன்று. பெற்றோர் பெரும்பாலும் படித்துப் பட்டம் பெற்றவர்கள். ஏன்? அத்தகைய நிபுணரின் வாசற்படியை மிதிக்க வசதி பெற்றவர்கள் அவர்கள்தாம்! ஆலைத் தொழிலாளியின் பிள்ளை அந்த வாசலுக்குப் போகவில்லை. போகாததால் ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் இல்லாததால் உலகிலேயே இல்லை என்று முடிவு கட்டினார்கள். அதோடு விட்டார்களா? அன்பில்லாத தாயால் வரும் குறை இது என்று பழியைப் பெற்றவள் தலையில் சுமத்தினார்கள். ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்று பட்டம் வேறு! 1967-இல் புருனோ பெட்டல்ஹைம் அந்தப் பழியை ஒரு புத்தகமாகவே விரித்தார். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1964-இல், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் அந்த வாதத்தை ஆதாரத்தோடு தகர்த்திருந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வர்க்கக் கதையை உடைத்தவர் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் லோர்னா விங். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகளைப் பெற்றவர். 1970-களில் அவரும் ஜூடித் கூல்ட் என்பவரும் லண்டனின் கேம்பர்வெல் பகுதியை எடுத்துக்கொண்டு, அங்கே குறைபாடு உள்ளவர்கள் என்று அறியப்பட்டிருந்த பிள்ளைகளை ஒருவர் விடாமல் ஆராய்ந்தனர். மருத்துவமனையில் உட்கார்ந்து, வருகிறவரை மட்டும் எண்ணும் வேலையை அவர்கள் செய்யவில்லை. தேடிப் பார்த்தால் எல்லா வகுப்பிலும் இருக்கிறது, பணக்கார வீட்டில் கூடுதல் என்பதற்கு ஆதாரமில்லை என்று தெரிந்தது. நம் பகுதியில் நடக்க வேண்டியதும் அந்தத் தேடல்தான்.

தேடுகிறவர் கண்ணுக்கும் தப்புகிறவர்கள் உண்டு. முதலில் பெண் பிள்ளைகள். நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்பது நெடுநாள் சொல்லி வந்த கணக்கு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் பார்த்தபோது அது மூன்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டி வந்தது. இத்தனை காலம் கணக்கில் வராத பெண்கள் எங்கே இருந்தார்கள்? ‘அடக்கம்’ என்ற புகழ்ச்சிக்குப் பின்னால் இருந்தார்கள்! பையன் கத்தினால் பள்ளியிலிருந்து ஆள் வருகிறது. பெண் பேசாமல் இருந்தால் “தங்கமான பிள்ளை” என்கிறோம். அவள் வகுப்பில் ஒரு தோழியைப் பிடித்துக்கொண்டு, அவள் சிரித்தால் சிரித்து, அவள் கைகட்டினால் கைகட்டி, நாள் முழுதும் நடித்து, வீட்டுக்கு வந்ததும் ஒன்றுமில்லாத காரணத்துக்கு ஓலமிட்டு அழுகிறாள். ‘வீட்டில் மட்டும் திமிர்’ என்று முதுகில் இரண்டு வைக்கிறோம். பிறகு மணம் பேசி, மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கே அவள் படும் பாட்டை யார் எழுதுவது? கானருக்கு முன்பே, 1920-களில், மாஸ்கோவில் க்ருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் சிறுவர்களைப் பற்றி எழுதியதோடு நில்லாமல் சிறுமிகளைப் பற்றியும் எழுதினார். உலகம் அதைப் படிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

அடுத்து, பிழைப்புத் தேடி வந்தவர்களின் பிள்ளைகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அம்பத்தூர்ப் பட்டறைகளில் உழைப்பவரின் குழந்தை அங்கன்வாடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், “தமிழ் தெரியாத பிள்ளை” என்று விட்டுவிடுகிறோம். மொழி தெரியாத குழந்தையும் விரல் நீட்டும். பறக்கும் விமானத்தைக் காட்டி நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தை பெரும்பாலும் அப்படிச் சுட்டிக்காட்டுவதில்லை. வேண்டிய பொருளுக்கு நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, ஆனால் மிட்டாய்த் தாள் சரசரத்தால் திரும்பும். ஒரு வயதில் பெயருக்குத் திரும்பாமை, ஒன்றரை வயதில் சுட்டிக்காட்டாமை, வந்த சொற்கள் மறைந்து போதல் – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. எந்த மொழிக் குழந்தைக்கும் இது பொருந்தும்.

வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்த நாள் முதல் நம் பட்டறைகளில் அவர்களைக் கண்டிருப்போம். லேத்தில் நின்றால் நூலிழை பிசகாது. ஆனால் தனியாகத்தான் சாப்பிடுவார். ஷிப்டு மாற்றினால் நிலைகுலைவார். சூப்பர்வைசர் கேலியாகச் சொன்னதை நேராக எடுத்துக்கொண்டு மெமோ வாங்குவார். வில்லிவாக்கம் முதல் பட்டாபிராம் வரை எந்த இரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். அப்படிப்பட்டவர் எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர் என்று முத்திரை குத்த நமக்கு உரிமையில்லை. அது மருத்துவர் வேலை. ஆனால் “ஒரு மாதிரி ஆள்” என்று கேண்டீனில் கேலி பேசுவதை நிறுத்த மருத்துவர் வர வேண்டியதில்லை. மெமோ வந்தால் சங்கம் அவர் பக்கம் நின்று விளக்கம் எழுதித் தரலாமே!

பெயரைப் பற்றியும் ஒரு சொல். அரசு ஏடுகளில் ‘புற உலகச் சிந்தனை அற்றோர்’ என்று எழுதுகிறார்கள். அழகிய தமிழ்தான், ஆனால் பொருள் பொருந்தவில்லை. பிரஸ் ஷாப்பின் இரைச்சலும், பஸ் ஹாரனும், டியூப்லைட்டின் முனகலும் ஒன்று சேர்ந்து மண்டையைப் பிளக்கும்போது காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் புற உலகம் இல்லாமலா போயிற்று? அளவுக்கு மீறி அல்லவா இருக்கிறது!

சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அதற்கெனத் தனி இனம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அதில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. நூற்றுக்கு 40 என்ற அளவில் சான்று பெற்றால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு. “எங்களுக்குப் பிறகு யார்?” என்று கலங்கும் பெற்றோருக்கு, 18 வயதுக்குப் பின் சட்டப்படி காப்பாளர் நியமிக்க ஆட்சியர் தலைமையில் குழு. சிறப்பு ஆசிரியர் தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022-இல் கணக்கு வைத்தது.

தொழிலாளி முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று. மாதாமாதம் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களே, அது உங்களுக்கு மட்டுமன்று. உடல் அல்லது மனக் குறைபாட்டால் முழுக்க உங்களை நம்பி வாழும் பிள்ளை, அந்தக் குறை இருக்கும் வரை, எத்தனை வயதானாலும் உங்கள் குடும்பம் என்றே 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காய்ச்சலுக்கு மருந்து வாங்கத் தெரிந்த நமக்கு, இந்த உரிமையைக் கேட்டு வாங்கத் தெரிந்திருக்கிறதா?

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கு அரசுப் பள்ளி நெடுங்காலமாக இருக்கிறது. கண் தெரியாதது எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதனால் பள்ளி வந்தது. ஆட்டிசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில், கடற்கரைச் சாலையில், இயங்குகிறது. நல்ல நிறுவனம், ஆனால் ஆவடியிலிருந்து நகரத்தின் மறுகோடி. போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது, ஒரு நாள் கூலி போயிற்று. பயிற்சியோ வாரந்தோறும் வேண்டும். தினக்கூலி வாங்குகிறவள் எத்தனை வாரம் தாங்குவாள்? அருகிலுள்ள தனியார் நிலையத்தில் மணிக்குப் பல நூறு ரூபாய் கேட்கிறார்கள்.

ஆகவே வட்டக் கிளைகளும் சங்கங்களும் கையில் எடுக்க வேண்டிய கோரிக்கை தெளிவானது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று அரசு மருத்துவமனைகளிலும் பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் குறித்த கிழமையில் தவறாமல் அமர வேண்டும். மாலை ஏழு மணி வரை, ஷிப்டு முடித்து வருகிறவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். சான்று முகாம் ஆட்சியர் அலுவலகத்தோடு நின்றுவிடாமல் வட்டத்துக்கு வர வேண்டும். அம்பத்தூர் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். ஆகவே மனு இரண்டாகப் போக வேண்டும், ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப இடம் கொடுக்காதீர்கள்.

மனுவுக்கு முன் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுங்கள். மகளிர் அணித் தோழியர் உடன் வரட்டும். ஆண் மட்டும் வாசலில் நின்று கேட்டால் உள்ளே இருக்கும் பெண்ணைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். இந்தியோ ஒடியாவோ தெரிந்த தொழிலாளர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “கிறுக்குப் பிள்ளை இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், “பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, எதையாவது விரலால் காட்டுகிறதா?” என்று கேளுங்கள். படிவத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தனி வரிசை இருக்கட்டும்.