கேட்கும் செவி வேண்டும்

கல்விக்கூடம் என்பது பாடம் பயிலும் இடம் மட்டுமன்று. அஞ்சி வரும் பிள்ளைக்கு அது அடைக்கலமாகவும் விளங்குதல் வேண்டும். அது தவறினால் நேர்வது யாது என்பதை நம் கிருஷ்ணகிரி மாவட்டமே 2024 ஆகஸ்டில் கண்டது. பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், தேசிய மாணவர் படையின் பெயரால் நடந்த போலி முகாமில், மாணவியர் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர் எனக் காவல்துறை வழக்குப் பதிந்தது. அதனைப் பள்ளியினர் மறைக்க முயன்றனர் என்ற குற்றச்சாட்டு நம்மை மேலும் வருத்தியது.

கொடுமை ஒரு நாளில் முடியலாம். அதன் வடு எளிதில் மறைவதில்லை. உறக்கம் கெடும், கவனம் சிதறும். சில பிள்ளைகள் காரணமின்றிச் சினப்பர். சிலர் பேச்சையே மறப்பர். இதனைச் சோம்பல் என்றும் அடங்காமை என்றும் கருதித் தண்டிப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

நம் தளி வட்டாரத்தில் இன்னொன்றையும் எண்ணுதல் வேண்டும். இங்கு இல்லத்தில் கன்னடமோ தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகள் பலர் பள்ளியில் தமிழ் பயில்கின்றனர். பாடத்தைத் தமிழில் ஒப்பிக்கும் பிள்ளைக்கும் துயரைச் சொல்லத் தாய்மொழியே துணையாகும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதனை உணர்ந்துள்ளது. மொழி புரியாத குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வாக்குமூலம் பெறும் காவலர் சீருடையில் இருத்தலாகாது. குழந்தையின் அடையாளம் வெளிப்படலாகாது. குற்றத்தை அறிந்தும் தெரிவியாமை தண்டனைக்குரியது என்கிறது அச்சட்டம். காவலரே சீருடையைக் களைந்து வரும்போது, பள்ளி தன் கடுமையைக் களைதல் அரிதோ?

ஆசிரியர் மருத்துவர் அல்லரே எனச் சிலர் வினவலாம். உண்மையே. மருத்துவம் செய்யுமாறு நாம் வேண்டவில்லை. பிள்ளையின் மொழி அறிந்த ஆசிரியர் ஒருவரேனும் ஒவ்வொரு பள்ளியிலும் செவிகொடுத்துக் கேட்கும் பொறுப்பை ஏற்கட்டும். "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று வினவாது, சொன்னதை நம்பி, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவித்து, மனநல ஆலோசகரிடம் சேர்ப்பிக்கட்டும். அப்பிள்ளை மீண்டும் வகுப்புக்கு வரும் நாளில், ஊரறியக் கேள்வி கேளாது, உரிய இடத்தில் அமர்த்தட்டும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். மானத்தின் பெயரால் சமரசம் பேசாதீர்கள்; படிப்பை நிறுத்தி மணம் முடித்துவைக்காதீர்கள். தவறிழைத்தவன் தலை குனியட்டும். பாதிக்கப்பட்ட பிள்ளை தலை நிமிர்ந்து பள்ளிக்குச் செல்லட்டும். நாளை ஆசிரியர்களாகவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள், பேசக் கற்பதோடு கேட்கவும் கற்பார்களாக!