கோழிக்கு 8 மணி நேர இருட்டு, ப்ளஸ் டூ மாணவனுக்கு?

டிசம்பர் வந்தால் போதும், பத்திரிகை, டிவி எல்லாவற்றிலும் அட்வைஸ் மழைதான். கேக்கைக் குறைத்துச் சாப்பிடுங்கள், காலையில் வாக்கிங் போங்கள், லீவ்தானே என்று ராத்திரி கண் விழிக்காதீர்கள்... நல்ல அட்வைஸ்தான். ஆனால் அதற்கு முதலில் லீவ் என்று ஒன்று வேண்டுமே! நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சேலம் பக்கத்துத் தனியார் விடுதிப் பள்ளிகளில் ப்ளஸ் டூ படிக்கும் ஒரு பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்வான்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டி விடுமுறை விடுவது தமிழ்நாட்டு வழக்கம். 2024ல் அது டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை. மொத்தம் ஒன்பதே நாள். அந்த ஒன்பது நாளில்தான் நாமக்கல் ஆஞ்சநேயருக்கு ஜெயந்தியும் வந்தது. 18 அடிச் சிலைக்கு 1,00,008 வடை மாலை சாத்துவதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வந்தது. அதே ஊர் விடுதிப் பையன் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பான்? சேலம் நாலு ரோடு பேராலயத்தில் நள்ளிரவுப் பூசை. அதே ஊர் விடுதியில் மறுநாளைக்கு ஒரு டெஸ்ட்!

பள்ளிக் கல்வித்துறை சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று அநேகமாக ஒவ்வொரு டிசம்பரிலும் உத்தரவு போடுகிறது. ஒரே உத்தரவை வருஷா வருஷம் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? யாரும் அதை மதிக்கவில்லை என்றுதானே! கேட்டால் ரெடியாக ஒரு பதில் இருக்கும்: "பசங்க விருப்பப்பட்டு வர்றாங்க சார்." வராவிட்டால் வீட்டுக்குப் போன் போகும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, வாரம் ஒரு நாள் லீவ், பண்டிகைக்குப் பிள்ளைகள் குடும்பத்தோடு இருக்கும்படி விடுமுறை. கோச்சிங் சென்டருக்கே இவ்வளவு என்றால், பள்ளிக்கூடம் என்று போர்டு மாட்டியிருக்கும் இடத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

இந்தப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. உண்மையில் அது கோழிப் பண்ணைக்காரர்களுக்குத்தான் அவமானம்! நாமக்கல் பண்ணைகளில் தினமும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிறது. முட்டைக் கோழிக்கு ஒரு நாளில் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பார்கள். மீதி 8 மணி நேரம் இருட்டு. அந்த ஓய்வு இல்லாவிட்டால் கோழி ஒழுங்காக முட்டை போடாது என்று பண்ணைக்காரருக்குத் தெரியும். ராத்திரி 11 மணி வரை ஸ்டடி, விடியற்காலை 5 மணிக்கு பெல் என்று ஓட்டும் விடுதியில் பிள்ளைக்குக் கிடைப்பது 6 மணி நேரம். கோழியை விட 2 மணி நேரம் கம்மி.

13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016லேயே சொல்லிவிட்டது. 17 வயது வரை தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகலில் படித்தது மூளையில் நன்றாகப் பதிவதே தூக்கத்தில்தான். ஆக, தூக்கத்தைப் பிடுங்கிப் பாடம் நடத்துவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

"மார்ச்சில் பரீட்சை, இரண்டே மாசம்தான் இருக்கு" என்பார்கள் பெற்றோர். அவர்கள் பயம் பொய்யில்லை. நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியவர்களும் அவர்களில் உண்டு. லாரி ஓட்டியும், ரிக் வண்டியில் வெளி மாநிலம் போய் போர் போட்டும் சம்பாதித்த பணம் அது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஜூனில் இருந்து டிசம்பர் வரை நடத்தியதில் பதியாத பாடம், களைத்துப் போன தலையில் ஒன்பது நாளில் பதிந்துவிடுமா? அந்த அப்பா வீட்டுக்கு வரும் நாளில் பிள்ளையும் வீட்டில் இருந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சோறு சாப்பிட்டால் மார்க் குறைந்துவிடுமா?

மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையட்டும் என்றுதான். ஆனால் ரிசல்ட் வந்த மறுநாள் பிளெக்ஸ் பேனர் வைப்பது நின்றதா? இந்த விடுமுறை வகுப்புகளில் பாதி அந்த பேனருக்காகத்தான்.

யாரும் படிக்காதே என்று சொல்லவில்லை. வீட்டிலேயே தினம் இரண்டு மூணு மணி நேரம் திருப்பிப் பார்க்கட்டும். மிச்ச நேரம் தூங்கட்டும், கிரிக்கெட் ஆடட்டும், அம்மா கையால் சாப்பிடட்டும். கல்வித்துறையும் உத்தரவோடு நிறுத்தாமல் டிசம்பர் 26 காலையில் இந்தப் பள்ளிகளின் கேட்டைப் போய்த் தட்டட்டும். அந்த ஒன்பது நாள் பிள்ளைகளுடையது. அதை எடுத்துக்கொள்ள எந்தப் பள்ளிக்கும் உரிமை இல்லை.