ஓட்டைக்கு ஓர் உடம்பு

ஜவ்வரிசிப் பாயசம் சாப்பிடாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் சாப்பிடுகிற அவசரத்தில் அதை உற்றுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வேகாத ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வேக வேகக் கண்ணாடி மாதிரி தெளிந்து, கடைசியில் நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு நிற்கிறது. அந்தப் பொட்டு ஆரம்பத்திலிருந்தே உள்ளேதான் இருந்தது. சுற்றியிருப்பது தெளிந்த பிறகுதான் நம் கண்ணில் பட்டது.

"இதில் என்ன அதிசயம்? மேலே இருப்பதைக் கண்ணாடியாக்கினால் உள்ளே இருப்பது தெரியத்தானே செய்யும்?" என்பீர்கள். பொட்டு இருந்தால் தெரியும், சரி. உள்ளே இருப்பது வெறும் ஓட்டையாக இருந்தால்?

இது வீண் விதண்டாவாதம் அல்ல. கம்ப்யூட்டரில் யந்திரப் படம் வரைகிற என்ஜினீயர்கள் தினமும் மல்லாடுகிற கேள்வி.

மண் வாரும் யந்திரத்தைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். துதிக்கை போன்ற அதன் கையைத் தூக்குவதும் மடக்குவதும் எண்ணெயின் அழுத்தம்தான். கார் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 100 மடங்கு! அந்த எண்ணெயை எந்தக் குழாய்க்கு அனுப்புவது என்று பங்கிட்டுக் கொடுக்க ஓர் உலோகக் கட்டை உண்டு. 'மானிஃபோல்டு' என்பார்கள். வெளியே பார்த்தால் செங்கல். உள்ளே பார்த்தால் எலி வளை!

துளை போடும் டிரில் நேராகத்தான் போகும். வளைந்து போகத் தெரியாது. ஆகவே பாதை திரும்ப வேண்டுமானால், இரண்டு பக்கங்களிலிருந்து இரண்டு துளை போட்டு, உள்ளே சந்திக்க வைத்து, வேண்டாத வாயை அடைத்துவிடுவார்கள். இப்படிப் பத்து, இருபது துளைகள்! சேர வேண்டிய இரண்டு சேராமல் போனால் கட்டை வீண், பணத்தோடு போயிற்று. சேரக் கூடாத இரண்டுக்கு நடுவே சுவர் மெல்லியதாகப் போனால் ஆபத்து. சுவர் உடைந்தால் எண்ணெய் போகக்கூடாத வழியில் போகும். வெளிச் சுவரில் ஊசி முனை அளவு விரிசல் கண்டால் போதும். பீறிடும் எண்ணெய் மனிதத் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். காயம் எறும்பு கடித்தது போலத்தான் தெரியும். ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடக் கூடும்.

ஆகவே, உலோகத்தில் டிரில்லை வைப்பதற்கு முன்பே உள்ளே என்ன நடக்கப் போகிறது என்று பார்த்தாக வேண்டும். அதற்குத்தான் கம்ப்யூட்டர்.

1963-ம் வருஷத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரியின் மாணவர் ஐவன் சதர்லாண்டு, 'ஸ்கெட்ச்பேட்' என்ற ஏற்பாட்டைச் செய்தார். ஒளிப் பேனாவைத் திரையில் வைத்து நேரடியாகப் படம் வரையலாம். அன்று வெறும் கோடுகள்தாம். இன்றோ முழு உருவத்தையே செய்து, உருட்டித் திருப்பிப் பார்க்கலாம். விரும்பினால் ஒரு சொடுக்கில் கண்ணாடியாகவும் ஆக்கிவிடலாம்.

அப்புறம் என்ன குறை? அங்கேதான் வருகிறது வினை. கண்ணாடியாக்கிய கட்டையில் பத்துத் துளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மங்கல் நிறத்தில், அடுப்புப் புகையைப் போலத் தெரிகின்றன. எது முன்னே, எது பின்னே? பிரம்மாவுக்கே வெளிச்சம்! சரி, பூசணிக்காயை அரிவது போல் குறுக்கே வெட்டிப் பார்க்கலாமே என்றால், வெட்டிய இடத்தில் உள்ளதுதான் தெரியும். பாதை பக்கவாட்டில் திரும்பியதோ, தொலைந்தது!

நிஜக் கண்ணாடியைப் போலவே ஒளியைக் கணக்கிட்டுக் காட்டும்படி கம்ப்யூட்டரைக் கேட்டாலும் பிரயோஜனமில்லை. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஒளி வளைகிறது. அந்த வளைவினால்தான் கண்ணாடியின் விளிம்பே நமக்குத் தெரிகிறது. அடுப்பில் வைக்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் குச்சி ஒன்றைக் கிளிசரினில் அமிழ்த்திப் பாருங்கள். குச்சி மாயமாய் மறைந்துவிடும்! இரண்டும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பவை. விலகல் எண் 1.47. அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு 1.49. யந்திர எண்ணெயும் இதற்குப் பக்கத்து வீடுதான். ஆகவே அக்ரிலிக் கட்டையில் துளை போட்டு எண்ணெய் ஊற்றினால், துளை அநேகமாகக் காணாமலே போய்விடும். எண்ணெயில் சாயம் கலந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். 1883-ல் மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓடும் விதத்தைப் பார்க்கச் சாயத்தைத்தான் துணைக்கு அழைத்தார்.

இந்தச் சங்கடத்துக்கு வழி சொன்னவர் அவருக்கும் முந்தியவர், லியனார்டோ டா வின்ஸி. மூளைக்குள் சில அறைகள் உண்டு. அறுத்துப் பார்த்தால் அவை சப்பிப் போய்விடும், வடிவம் தெரியாது. 1508-ம் வருஷத்தை ஒட்டி, அவர் ஒரு மாட்டின் மூளையை எடுத்து, உள்ளே இருப்பது வெளியேற வழி செய்து, உருக்கிய மெழுகை உள்ளே செலுத்தினார். மெழுகு இறுகியதும் சதையை அகற்றினார். கையில் மிஞ்சியது, வெற்றிடத்தின் வடிவம்! ஓட்டையைப் பார்க்க வேண்டுமானால், சுற்றியிருப்பதைத் தெளிவாக்கினால் போதாது. ஓட்டைக்கே ஓர் உடம்பு கொடுக்க வேண்டும்.

கெட்டிக்கார என்ஜினீயர் கம்ப்யூட்டரில் செய்வதும் அதேதான். துளையே இல்லாத முழுக் கட்டை ஒன்றை வரைகிறார். வால்வுகளும் அடைப்பான்களும் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருக்கும் துளைக் கட்டையை அதிலிருந்து கழிக்கச் சொல்கிறார். பத்தில் எட்டுப் போனால் இரண்டு. கட்டையில் கட்டை போனால் மிச்சம் ஓட்டை! அது இப்போது திரையில் திடப் பொருளாக, மரத்தின் வேர் போல நிற்கிறது. அழுத்தத்தோடு போகும் பாதைக்குச் சிவப்பு, திரும்பி வரும் பாதைக்கு நீலம் என்று வர்ணம் பூசிக் கொள்ளலாம்.

அழகு மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. நாலு தனிப் பாதைகள் வேண்டுமென்றால் நாலு துண்டுகள் மிஞ்ச வேண்டும். ஐந்து வந்தால், சேர வேண்டியது எங்கோ சேரவில்லை. மூன்று வந்தால், சேரக் கூடாதது சேர்ந்திருக்கிறது. இரண்டு துண்டுகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியை அளந்தால், அதுதான் சுவரின் கனம். புகைக்குள் கண்ணைக் கசக்கிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரே இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடும்.

அடுத்த முறை மண் வாரும் யந்திரம் துதிக்கையைத் தூக்கும்போது, அதற்குள் இருக்கும் அந்தச் செங்கல்லை நினைத்துக் கொண்டு நின்று பாருங்கள். ஆனால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அதன் படத்தை வரைந்தவர் துண்டுகளை எண்ணிப் பார்த்தாரோ, இல்லையோ!