நாய்க்குக்கூடப் பேர் இருக்கிறது

திருச்சிக்கு யார் வந்தாலும் முதலில் மலைக்கோட்டைக்குத்தான் கூட்டிப்போவேன். நானூற்றுச் சொச்சம் படி. வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில். மேலே உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்து நின்றால் வடக்கே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், காலடியில் மொத்த ஊரும். போன மாதம் வந்த பெங்களூரு ஆபீஸ் நண்பனும் எல்லாரையும்போல நாலு செல்ஃபி எடுத்தான். இறங்கி, காந்தி மார்க்கெட் பக்கம் நடந்தோம். அங்கே முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதிலுள்ள ஆங்கிலக் கல்வெட்டை நின்று வாசித்தவன் திரும்பிக் கேட்டான்: "டேய், எத்தனை பேருன்னு போட்டிருக்கு. யாருன்னு போடலையே?"

சின்ன வயதிலிருந்து அந்த இடத்தைக் கடந்து காய்கறி வாங்கப் போயிருக்கிறேன். எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி.

கல்வெட்டு சொல்வது இவ்வளவுதான்: திரிசினாபள்ளியிலிருந்து 302 பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் 41 பேர் உயிரைக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் பல கிராமங்களில் இதே வாக்கியம் கல்லில் இருக்கிறது. டெம்ப்ளேட். ஊர்ப் பேரையும் இரண்டு எண்களையும் மாற்றினால் போதும். தரவுத்தளத்தில் வரிசைகளையெல்லாம் அழித்துவிட்டு கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொள்வதுபோல. இது நினைவுச் சின்னம் இல்லை. சரக்கு வாங்கியதற்குக் கொடுத்த ரசீது.

அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சொல்லாதீர்கள். அதே போருக்கு ஆள் அனுப்பிய இங்கிலாந்தின் குக்கிராமத்துக்குப் போங்கள். தேவாலய வாசலில் செத்தவன் ஒவ்வொருவனின் பேரும் இருக்கும். 1917-இல் தொடங்கிய பேரரசின் போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கையே, பதவி, இனம், மதம் பார்க்காமல் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி நினைப்பது என்பதுதான். கொள்கை அப்படி. நடந்தது வேறு. ஈராக்கில் 1929-இல் திறந்த பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய் வரைக்கும் பேர் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பேர். சாதாரணச் சிப்பாய்களுக்கு, ரெஜிமெண்டுக்கு இத்தனை என்று எண். கல்லில் இடம் இல்லாமல் இல்லை, மனசில் இல்லை. அதே ஆணையம் 2021-இல் தானே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது: குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர்வரை, பேர் சொல்லியோ அல்லது எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள்.

சரி, வெள்ளைக்காரன் செய்தான். நாம்?

செத்தவனுக்குக் கல் நட்டுப் பேர் வெட்டுவதை இலக்கணமாகவே எழுதி வைத்த சமூகம் இது. தொல்காப்பியம் கல்லைத் தேடுவதிலிருந்து வாழ்த்துவது வரை படிப்படியாகச் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. நாம் படியேறும்போது தாண்டிப் போகிறோமே, அந்தக் குகையைக் குடைந்த அதே மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல். பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த அதன் பேர் கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷம் கழித்தும் அந்த நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊரிலிருந்து போன 41 பேரைக் கூப்பிட வழியில்லை.

இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் அடி விழும். ஒரு கூட்டம், "அவங்க வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குப் போனவங்க, எதுக்கு மரியாதை?" என்கிறது. ஆமாம், கூலிதான். சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய். இன்றைக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கோடு எழுதிச் சம்பளம் வாங்கும் நானும் என் நண்பர்களும் அவர்களைக் கூலி என்று ஏசுவதற்குக் கொஞ்சம் வெட்கம் வேண்டும். பேர் வெட்டுவது பாராட்டுப் பத்திரம் இல்லை. ஒரு மனுசன் இருந்தான் என்று ஒத்துக்கொள்வது.

இன்னொரு கூட்டம் வருஷா வருஷம் மலர் வளையம் வைத்து, "தியாகம்" என்று சொல்லிவிட்டுப் போகிறது. இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. முகமே தெரியாத 41 பேரை எந்தப் பெருமைக்கும் வளைக்கலாம். பேர் என்று ஒன்று வந்துவிட்டால் அப்பன் யார், எந்தத் தெரு, என்ன சாதி, எதற்காகப் போனான், வீட்டுக்கு யார் தகவல் சொன்னார்கள் என்று கேள்விகள் வரும். எண்ணை வைத்துப் பெருமைப்படுவது சுலபம், அது பதில் பேசாது.

நூறு வருஷம் ஆகிவிட்டது, இனி எங்கே தேடுவது என்பீர்கள். லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய பதிவேடுகளிலிருந்து பஞ்சாப் சிப்பாய்கள் மூன்று லட்சத்து இருபதாயிரம் பேரின் விவரங்களை இங்கிலாந்தில் வாழும் பஞ்சாபியர் அமைப்பு ஒன்றும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து எடுத்திருக்கின்றன. போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் இலவசம். இந்தியச் சிப்பாய்கள் சிலருக்கு அப்பா பேர், ஊர், மாவட்டம் வரை இருக்கிறது. நமக்குத் தேவை நாலு வாரயிறுதி, ஒரு எக்செல் ஷீட், திரிசினாபள்ளியை எத்தனை விதமாக எழுதினார்கள் என்று தேடும் பொறுமை.

நானும் நண்பனும் ஆரம்பித்துவிட்டோம். 41-உம் கிடைக்காமல் போகலாம். ஒன்று கிடைத்தாலும் வருகிற நவம்பர் 11 அன்று அதைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, மலர் வளையத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். எடுத்துப் போட்டால் மறுபடி வைப்பேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கல் இருக்கலாம். செல்ஃபி எடுத்து முடித்ததும் போய் வாசித்துப் பாருங்கள்.